காற்று வெட்டாத கிளை

ஒரு கிளை வேண்டும். கை மொத்தம் இருந்தால் போதும். கொல்லைக் கதவில் வந்து மோதுகிற அளவுக்குக் கனம் இருக்க வேண்டும், பார்த்தவுடன் காற்றுதான் கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று நம்பும்படி இருக்க வேண்டும். புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் ஊர் சனம் முழுக்க விழுந்த மரத்தை என்ன செய்வது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, ஒரு கிளை அகப்படவில்லையே என்று கோடாரியும் கையுமாக அலைகிற ஆள் அந்த வட்டாரத்திலேயே வைரக்கண்ணு ஒருவன்தான் இருப்பான். கொல்லையில் மரத்துக்கா பஞ்சம். கால் வைக்க இடமில்லை. தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் குப்புறக் கிடந்தன, மட்டையும் பாளையும் சேற்றில் புதைந்து. ஆனால் தென்னை மட்டை தட்டாது, உரசும். சரசரவென்று சத்தம் போடுமே தவிர, மனிதன் தட்டுகிற மாதிரி தட்டத் தெரியாது அதற்கு. முருங்கை ஒடிந்து கிடந்தது, அதற்குப் புயல் வேண்டுமா, காக்கை உட்கார்ந்தாலே ஒடிகிற சாதி, அது கதவைத் தட்டினால் கதவுக்கு ஒன்றும் ஆகாது, அதுதான் தூளாகும். எலுமிச்சை அசையாமல் நின்றது, கிணற்றடியில், குட்டையாக, எதுவும் நடக்காதது போல. மிச்சம் வேலியோரத்துப் பலா. பலா விழுந்துவிட்டது. வேர் பெயர்ந்து ஆள் உயரத்துக்கு மண்ணோடு தூக்கிக்கொண்டு நிற்க, தலை முழுக்க அந்தப் பக்கம், அண்ணன் வீட்டு வேலியை நசுக்கிக்கொண்டு கிடந்தது. வேர் இந்தப் பக்கம், தலை அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கிளை ஒன்றாவது இருந்ததா என்றால் இல்லை. போன வருஷம் அவனே ஆள் வைத்து எல்லாவற்றையும் கழித்துவிட்டான். என் மனைக்கு மேலே நீட்டினால் நான் வெட்டுவேன் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு கழித்தான். அன்றைக்கு வாய்க்கு ருசியாக இருந்தது.

சவுந்தரம் தண்ணீருக்குப் போயிருக்கிறாள். ரோட்டில் ஜெனரேட்டர் வைத்து ஏற்றித் தருகிறார்களாம், வரிசை பெரிதாக இருக்கும், வர நேரமாகும். ஆகட்டும். இன்னும் கொஞ்சம் நேரம் ஆனாலும் நல்லதுதான். விடியக்காலையில் அவள்தான் முதலில் கொல்லைப் பக்கம் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வேலி இருந்த இடத்தில் வேலி இல்லை, அண்ணன் வீட்டுக்கு மேலே ஓடு இல்லை, சீட்டு இல்லை, நாலு சுவரும் கதவும் மட்டும் மொட்டையாக நின்றன. அந்த வீட்டுக் கொல்லைக் கோடியில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த கக்கூஸ் கதவைத் திறந்துகொண்டு அண்ணி வெளியே வந்தாள். மழை முழுக்க, காற்று முழுக்க, அதற்கப்புறம் விடிகிற வரைக்கும், அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மனையில் காங்கிரீட் போட்ட கூரை அது ஒன்றுதான். சேலையெல்லாம் உடம்போடு ஒட்டி, முடி கலைந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். சவுந்தரம் திரும்பி அவனைப் பார்த்தாள். "ஏங்க, நேத்து கதவுல தட்டுன சத்தம் கேட்டுச்சுல்ல." "கிளைன்னு அப்பவே சொன்னேனே." "எந்தக் கிளை?" அவன் எலுமிச்சைப் பக்கம் பார்த்தான். "எந்தக் கிளைன்னு கேக்குறேன். கதவாண்ட ஒரு கிளையும் காணோமே." எங்கேயாவது அடித்துப் போயிருக்கும் என்றான், தேடினால் கிடைக்கும் என்றான். அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "தேடி வைங்க. நான் வந்து பாக்குறேன். அது மட்டும் அக்காவா இருந்துச்சுன்னா, இந்த வீட்டுல இனிமே நான் சோறாக்க மாட்டேன். மக தேன்மொழி வீட்டோட போயிருவேன்." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் கோபம், ஆறிவிடும் என்று விட்டிருக்கலாம். மெதுவாகச் சொன்னாள், உப்பு வாங்கி வர வேண்டும் என்று சொல்வது போல. அவள் சொன்னால் செய்வாள். முப்பது வருஷத்தில் அவள் சொல்லிவிட்டுச் செய்யாதது எது என்று யோசித்துப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை, கிளை அகப்படாதது போலவே.

முதுகு வலிக்கிறது. கோடாரி பிடித்த வலி இல்லை இது, கோடாரியை இன்னும் ஓங்கவே இல்லையே. நேற்று கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்த வலி. மத்தியானம் சோறு தின்று கை கழுவுவதற்குள் கருக்கிட்டு வந்துவிட்டது. சவுந்தரம் முன்கட்டில் சன்னலுக்குச் சாக்கு அடைத்துக்கொண்டு, உள்ளே வந்த தண்ணீரை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தாள். கொல்லைக் கதவு தாழ்ப்பாளோடு பிய்த்துக்கொண்டு போய்விடும் போல ஆடியது. அவன் அதற்கு முட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்தான், காலை எதிர்ச்சுவரில் ஊன்றிக்கொண்டு. காற்றுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அந்தக் குரலுக்கு நடுவில்தான் தட்டு விழுந்தது. காதில் விழவில்லை, முதுகில் விழுந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் அவன் முதுகெலும்பு, நடுவில் ஒரு அங்குல மரம். முன்கட்டிலிருந்து சவுந்தரம் கத்தினாள், யாரோ தட்டுறாங்களே என்று. கிளை வந்து மோதுது, நீ சன்னலைப் பாரு என்று இவன் கத்தினான். வார்த்தை அத்தனை சட்டென்று எப்படி வந்தது என்பதுதான் காலையிலிருந்து அவனைக் குடைகிறது. யோசிக்கவே இல்லை. நாக்கு தயாராக வைத்திருந்தது போல எடுத்துக் கொடுத்துவிட்டது. கிளையாக இருக்கலாம் அல்லவா. ஏன் இருக்கக் கூடாது. ஊரில் இத்தனை மரம் விழுந்திருக்கிறது, அதில் ஒரு கிளை பறந்து வந்து தட்டிவிட்டு மறுபடி பறந்து போயிருக்கக் கூடாதா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்காவது ஒரு தட்டுச் சோறு இருக்கிறது, இவனுக்கு அதுவும் இல்லை.

சத்தியம் இருக்கிறதே. அது பொய்யா. அண்ணன் நாடிமுத்து உயிரோடு இருந்தபோது அம்மன் கோயில் வாசலில் நாலு பேர் பார்க்கக் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்த சத்தியம். எல்லாம் இந்தப் பலாவால் வந்தது. வேர் அடியில் ஓடிவந்து இவனுடைய புது வீட்டுக் கொல்லைச் சுவரை விரிசல் விடவைத்தது. வெட்டிவிடுவோம் என்றான் இவன். அப்பா வச்ச மரம், வெட்டுனா என்னையும் சேத்து வெட்டு என்றான் அண்ணன். வார்த்தை தடித்தது. அண்ணன் கற்பூரத்தை அடித்து, உன் வீட்டுப் பச்சைத் தண்ணி தொட மாட்டேன் என்றான். இவன் விடுவானா. என் மகள் மேல ஆணை, உன் வீட்டு ஆளுக்கு என் வீட்டுக் கதவு திறக்காது என்று இவனும் அடித்து அணைத்தான். உள்ளங்கையில் கொப்புளம் கட்டியது, அதைக்கூடப் பெருமையாக நாலு பேரிடம் காட்டினான். அண்ணன் போன தையில் செத்துப்போனான். இவன் அந்த வீட்டுப் படி மிதிக்காமல், நேரே சுடுகாட்டுக்குப் போய் ஓரமாக நின்று, வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பினான். செத்தவன் மேல் என்ன சத்தியம் என்று சவுந்தரம் கேட்டாள். மகள் மேல் ஆணை வைத்திருக்கிறேனே என்றான். அதுதான் காரணம். தேன்மொழி திருப்பூரில் வயிற்றுப் பிள்ளைக்காரி. சத்தியத்தை மீறினால் யார் தலையில் விடியும். பெற்ற தகப்பன் அதற்குப் பயப்பட மாட்டானா. நேற்று அதனால்தான் திறக்கவில்லை. பயம்தான். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் தேன்மொழியின் நினைப்பு எப்போது வந்தது. காலையில் பல் தேய்க்கும்போது வந்தது. காரணம் ஒன்று வேண்டுமே என்று தேடிக்கொண்டிருந்தபோது வந்தது. நேற்று, கதவில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தபோது, முதல் தட்டு முதுகில் விழுந்தபோது, அவன் மனசில் மகளும் இல்லை, அம்மனும் இல்லை. அங்கே இருந்தது ஒரே வார்த்தை. வந்தியா. அதுதான். வந்தியா, வழிக்கு. அதை நினைத்தபோது அவனுக்கு, அந்தக் காற்றிலும், வீடு இடிந்து விழுமோ என்ற பயத்திலும், கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இதை எந்தக் கிளையைப் போட்டு மூடுவது. கொல்லை நடுவில் நின்ற வைரக்கண்ணுக்கு உடம்பு கூசியது. சட்டை போடாத உடம்பை நாலு பேர் பார்ப்பது போல, கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டான். பார்க்க ஒரு ஆளும் இல்லை, எலுமிச்சைதான் நின்றது.

அண்ணி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இதையும் பிடித்துப் பார்த்தான். வைரம், கதவத் திற என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பான், சத்தியமாகத் திறந்திருப்பான். தட்டினால் யார் என்று தெரியுமா. நாயா நரியா என்று தெரியுமா. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவன் நெஞ்சு குறுகுறுப்பதோடு நிற்காமல் எதிர்வாதமும் பண்ணியது. தெரியும், அது யார் என்று உனக்குத் தெரியும், எப்படித் தட்டினாள் சொல்லு. அதைச் சொல்ல மாட்டேன் என்று பலா வேரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தான். நடந்தாலும் அது கூடவே வந்தது. ரெண்டு தட்டு. ஒரு மூச்சு விடுகிற நேரம். அப்புறம் ஒரு தட்டு. உலகத்தில் அப்படித் தட்டுகிற வழக்கம் ரெண்டே பேருக்குத்தான் தெரியும். அண்ணி கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். டூரிங் கொட்டகையில் ரெண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தால் அப்பா புளிய விளாரோடு முன்வாசலில் படுத்திருப்பார். புதுப்பெண்ணான அண்ணிதான் சொன்னாள், கொல்லப் பக்கமா வா, ரெண்டு தட்டிட்டு, கொஞ்சம் விட்டு ஒண்ணு தட்டு, நாயின்னு நெனைச்சுப் பயப்படாம இருப்பேன்ல. ஒருநாள்கூட அவன் மூன்றாவதைத் தட்டியதில்லை. ரெண்டு தட்டிவிட்டு மூன்றாவதற்குக் கை ஓங்குவதற்குள் தாழ்ப்பாள் விலகிவிடும். அவள் தூங்குவாளா மாட்டாளா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருக்கும். மூடி வைத்த சோற்றைக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வாள். நேற்று ரெண்டு விழுந்தது, மூச்சு விட்டது, மூன்றாவதும் விழுந்தது. மறுபடி ரெண்டு, மறுபடி ஒன்று. மறுபடியும். அப்புறம் ஒரு இடைவெளி, அதில் காற்று மட்டும். அவள் கையை எடுக்கவில்லை, பலகையில் வைத்தபடியே நின்றாள் என்று அவன் முதுகுக்குத் தெரிந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்ல வராது. தெரிந்தது. பிறகு கை போய்விட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையாம். அதைவிட எப்படிக் கூப்பிடுவார்கள்.

நினைப்பை நிறுத்த ஒரே வழி கோடாரி. வேலிப்பக்கம் போய், விழுந்த பலாவின் அடிக்கிளையில் தோதான ஒன்றைப் பார்த்துப் போட்டான். நாலு போட்டில் துண்டாகி விழுந்தது. இலையும் பிஞ்சுமாக நல்ல கிளை. பால் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அதை இழுத்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி, ஒருமுறை முட்டிபோட்டு விழுந்து எழுந்து, கொல்லைக் கதவண்டை கொண்டுவந்து சாய்த்தான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். சவுந்தரம் வருகிற வழியில் நின்று அவள் கண்ணால் பார்த்தான். இலையை இன்னும் கொஞ்சம் கசக்கிவிட்டான். கதவில் கிளையால் ரெண்டு கோடு கிழித்தான். சாயம் பெயர்ந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன், ஊரில் பஞ்சாயத்துக்கெல்லாம் கூப்பிடுகிற ஆள், தன் வீட்டுக் கதவைத் தானே கீறிக்கொண்டு நிற்கிறான். திருடன்கூட அடுத்தவன் வீட்டுக் கதவைத்தான் கீறுவான். இதுவும் வெட்கம்தான், ஆனால் நேற்றைய வெட்கத்தை மறைக்க இன்றைய வெட்கம் சின்னதாகத் தோன்றியது. அந்த நேரத்தில் பின்னால் சேற்றில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. சவுந்தரம் இல்லை. அவள் நடை தெரியும். திரும்பினால் அண்ணி நின்றாள், அமிர்தவல்லி, வேலி இல்லாத வேலியைத் தாண்டி, அவன் மனைக்குள். கையில் நெளிந்துபோன அலுமினியச் சட்டி ஒன்று. காற்றில் பறந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே வந்திருக்கிறாள், ஒன்று இவன் பக்கம் கிடந்திருக்கிறது. அஞ்சாறு வருஷமாக இத்தனை கிட்டத்தில் அவளைப் பார்த்ததில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. குளிரில் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள். கதவில் புதுக் கோட்டைப் பார்த்தாள். கிளையைப் பார்த்தாள்.

கிளையின் வெட்டு வாயைப் பார்த்தாள். அப்போதுதான் அவனும் பார்த்தான். காற்று ஒடித்தால் நார் நாராகக் கிழிந்து தொங்கும், முறுக்கிப் பிய்த்த மாதிரி இருக்கும். நேற்றே ஒடிந்தது என்றால் பால் வடிந்து காய்ந்து கறுத்திருக்கும். இது சாய்வாக, வழவழவென்று, கோடாரி பட்ட தழும்போடு இருந்தது. வாய் முழுக்க வெள்ளை வெளேரென்று பால் பொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பலாவோடு பிறந்து பலாவுக்காகச் சண்டை போட்டவனுக்கு இது எப்படி மறந்தது. எதையாவது சொல்ல வேண்டும். அண்ணி என்று ஆரம்பிக்கலாம். அந்தச் சொல்லை எடுக்க வாய் திறந்தது, சத்தம் வரவில்லை, நேற்று எங்கிருந்தோ ஓடிவந்து நின்ற நாக்கு இன்றைக்கு எங்கே போனதோ. திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும். காறித் துப்பினால் இன்னும் நன்றாக இருக்கும், துடைத்துக்கொண்டு போய்விடலாம். ரோட்டுப் பக்கம் சவுந்தரத்தின் குரல் கேட்டது, யாரிடமோ தண்ணீர் வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அண்ணி சட்டியைக் கீழே வைத்தாள். குனிந்து, காலடியில் கிடந்த சேற்றை ஒரு கை அள்ளினாள். சுவருக்குச் சாந்து பூசுவது போல அந்த வெட்டு வாயில் அப்பித் தேய்த்தாள். பால் மறைகிறதா என்று பார்த்து, இன்னொரு கை அள்ளி அப்பினாள். பிறகு காலால் கிளையை ஒரு நெட்டு நெட்டி, வெட்டுப் பக்கம் சுவரை ஒட்டிப் போகும்படி திருப்பிவிட்டாள். வைரக்கண்ணு கோடாரியைப் பிடித்தபடி நின்றான். அவனுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. கால் சேற்றில் இருந்தது.

சவுந்தரம் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிளையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அண்ணியிடம் வந்தாள். "அக்கா, நேத்து நீங்க வந்து கதவத் தட்டுனீங்களா? உள்ளதச் சொல்லுங்க."

"நான் எங்கடி வந்தேன்" என்றாள் அண்ணி. "சீட்டு பறந்ததும் நேரா கக்கூஸுக்குள்ள போயிட்டேன். அந்தக் காத்துல இம்புட்டுத் தூரம் வர முடியுமா. இந்தா கெடக்குல்ல, இந்தக் கிளைதான் தட்டிருக்கும்."

சவுந்தரம் மூச்சு விட்டாள். அவள் முகத்திலிருந்து என்னவோ இறங்கிப் போவதை வைரக்கண்ணு பார்த்தான். அதைப் பார்க்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்றும் தோன்றியது. அவள் குடத்தைச் சாய்த்து அண்ணியின் கையில் தண்ணீர் ஊற்றினாள். "கையெல்லாம் சேறு, கழுவுங்கக்கா. உள்ள வாங்க, காப்பி போடுறேன்." அண்ணி கையைக் கழுவினாள். விரல் கணுவெல்லாம் தோல் உரிந்து, சிவந்து வீங்கியிருந்தது. சவுந்தரம் அதைக் கவனித்தாளோ என்னவோ, சீட்டு விழுந்து பட்டுதா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அண்ணி. "உள்ள வேணாண்டி. புள்ள மேல ஆணை வச்ச வீடு. தேன்மொழி நல்லபடியாப் பெத்துப் பொழைக்கட்டும். ஒரு மாத்துச் சேலை மட்டும் குடு." அதைச் சொல்லும்போதும் அவனைப் பார்க்கவில்லை. சேலையை வாங்கிக்கொண்டு, நெளிந்த சட்டியை எடுத்துக்கொண்டு, பலாவைச் சுற்றி நடந்து தன் வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மேலே வானம் திறந்து கிடக்க, கீழே கதவுக்குத் தாழ்ப்பாள். சேலை மாற்ற வேண்டுமே.

"பரண்ல தார்ப்பாய் இருக்குல்ல, அதைக் கொண்டுபோய்க் குடுங்க" என்றாள் சவுந்தரம். "உங்க கதவுதானே தெறக்கக் கூடாது. நீங்க அங்க போகக் கூடாதுன்னு யாரும் கற்பூரம் அடிக்கலையே." அவள் குரலில் கேலி இருந்தது, பழைய கேலி, வீட்டில் இருக்கப்போகிறவளின் கேலி. அவன் பரணில் ஏறித் தார்ப்பாயை இறக்கினான். கையில் ஒட்டியிருந்த பலாப் பால் தார்ப்பாயிலும் ஒட்டியது, வேட்டியிலும் ஒட்டியது, எண்ணெய் போட்டால்தான் போகும், எண்ணெய் போட்டாலும் இதெல்லாம் போகுமா என்று நினைத்துக்கொண்டு பலா வேரைச் சுற்றி நடந்தான். அண்ணன் செத்தபோது மிதிக்காத படி இது. படியேறினால் என்ன சொல்வது. மன்னித்துக்கொள் என்பதா. அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை, சினிமாவில்தான் சொல்வார்கள். நான் கேட்டேன் என்று சொல்லலாம். நேத்து நான் கேட்டேன் அண்ணி, முதல் தட்டுலயே தெரியும். சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. மூடிய கதவு முன்னால் வந்து நின்றான். கூப்பிடலாம் என்றால் எந்த முகத்தோடு கூப்பிடுவது. தார்ப்பாயை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ரெண்டு தட்டுத் தட்டினான். ஒரு மூச்சு விட்டான். மூன்றாவதற்குக் கையை ஓங்கினான்.

அதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விலகியது.